மூலை மடங்கக் கூடாத நான்கு பெட்டிகள்

எங்கள் அச்சகத்தில் முருகனைக் கசக்கக் கூடாது. பிள்ளையாரையும் கூடாது. இதை யாரும் எழுதி ஒட்டி வைக்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பெட்டியின் இடுக்கில் திணிப்பதற்காகக் கையில் கிடைத்த வேஸ்ட் தாளை உருண்டையாகச் சுருட்டினேன். எதிரே பண்டல் கட்டிக்கொண்டிருந்த அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரைக் கசக்கியிருக்கீகன்னு பிரிச்சுப் பாருங்க."

பிரித்தேன். முருகன். கலர் தள்ளி விழுந்ததில் அவருக்கு நான்கு கண்கள் இருந்தன. நான்கும் என்னையே பார்த்தன.

"கலர் சரியில்லாத தாளுதானக்கா? வேஸ்ட்தான?"

"தாளு வேஸ்ட்டு. சாமி வேஸ்ட்டா?"

நான் எம்.காம். படித்தவள். இதற்கெல்லாம் பயப்படக் கூடாது என்று சிவகாசியிலிருந்து விருதுநகர் வரும்வரை பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் என் மகள் இரண்டு முறை தும்மினாள். மறுநாளிலிருந்து நான் முருகனைக் கசக்கவில்லை.

அச்சகத்தில் முக்கியமாக இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று காலண்டர், மற்றொன்று கல்யாண கார்டு. அடித்து முடித்ததைப் பெட்டியில் அடைத்து, வெளியூருக்குச் சேதமில்லாமல் அனுப்பி வைப்பது என் பொறுப்பு. சேதம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. கார்டின் மூலை மடங்கும். ஆனால் கல்யாணப் பத்திரிகையில் மூலை மடங்கினால் அதை ஒருவருக்கும் கொடுக்க முடியாது. நாகர்கோவில் பக்கத்தில் ஒரு குடும்பம், ஏற்கெனவே ஒரு தடவை அப்படி மடங்கிப்போன கார்டுகளை வாங்கி நொந்தவர்கள். இந்த ஆவணியில் மறுபடியும் எங்களிடமே ஆர்டர் கொடுத்திருந்தார்கள். முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை காலைல குலதெய்வத்துக்கு மொத கார்டு வைக்கிறாக. வியாழக்கிழமை அங்கன போய் இறங்கணும். ஒரு மூலை மடங்குனாலும் அவுக நம்மள விட்டுப் போயிருவாக. பேக்கிங் நீதான் பாக்கணும். உன்னால முடியலைன்னா இப்பவே சொல்லிரு, உன்னைய பில்லு போடுற பக்கம் மாத்திருதேன்."

முடியும் என்றேன். சொன்ன மறுநிமிடமே முடியுமா என்று யோசித்தேன். பிள்ளை பிறந்து ஒன்றேமுக்கால் வருஷம் வீட்டில் இருந்துவிட்டு வந்த பிறகு, ஒரு வேலை முழுவதுமாக என் பொறுப்பில் விடப்பட்டது அதுதான் முதல் முறை. பில் பக்கம் மாற்றினால் சம்பளம் குறையாது. ஆனால் அங்கே மாற்றப்பட்டவர்களை எல்லோரும் ஒரு மாதிரி மெதுவாகப் பேசி விசாரிப்பார்கள். அந்த மெதுவான குரலை நான் கேட்க விரும்பவில்லை.

முதலில் மூலை எங்கே மடங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. லாரி செட்டுக்குப் போய் நின்று பார்த்தேன். அங்கே லோடு ஏற்றுகிறவர்கள் பக்கத்துச் செட்டில் வெடி லோடும் ஏற்றுகிறவர்கள். வெடிப் பெட்டியைத் தொட்டில் குழந்தையைப் போலத் தூக்கி, முழங்காலை மடக்கி, மூச்சுவிடாமல் இறக்கி வைக்கிறார்கள். அதே ஆட்கள் இந்தப் பக்கம் வந்ததும் எங்கள் பெட்டியைத் தலைக்கு மேலிருந்து விடுகிறார்கள்.

"ஏண்ணே, இதை மட்டும் எறியிறீக?"

"பேப்பர்தான தாயி. விழுந்தா வெடிக்கவா போகுது?"

அவரைத் திருத்த முடியாது, பெட்டியைத்தான் திருத்த வேண்டும் என்று முடிவு செய்தேன். தெர்மோகோல் வைத்தால் துணுக்குகள் கார்டில் ஒட்டிக்கொள்கின்றன. காற்றுக் குமிழி ஷீட் கேட்டு இரண்டு வாரம் ஆகியும் வரவில்லை. எனவே ஒரு பெட்டியில் பழைய கார்டுகளை அடைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், சமையலறைப் பரணிலிருந்து கீழே போட்டுப் பார்த்தேன். மூன்றாவது முறை போட்டபோது மாமியார் வாசலில் வந்து நின்றார்.

"என்ன கோவம்னாலும் வாயால சொல்லிரு தாயி. பிள்ளை தூங்குது."

கோபம் இல்லை, இது அலுவலக வேலை என்று விளக்கினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அன்று ராத்திரி என் கணவரை அழைத்து, அவளை எதுவும் சொல்லாதே என்று சொன்னாராம்.

ஆனாலும் பரண் ஒரு விஷயத்தைச் சொல்லித் தந்தது. தாளைக் கசக்கி உருண்டையாகத் திணித்தால் பயனில்லை. கனமான தாளை எட்டாக மடித்து, மூலையைச் சுற்றி வளைத்து வைத்தால் எவ்வளவு உயரத்திலிருந்து போட்டாலும் மடங்குவதில்லை. ஒரு பெட்டிக்கு மேல் மூலைகள் நான்கு, கீழ் மூலைகள் நான்கு, அடியிலும் மூடியிலும் ஒன்றொன்று. ஆக மொத்தம் பத்துத் தாள். நான்கு பெட்டிக்கு நாற்பது.

நாற்பது கனமான தாளுக்குச் சிவகாசியில் பஞ்சம் வரும் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் அது காலண்டர் சீசன். எங்கள் கிடங்கில் இருந்த அத்தனை வேஸ்ட்டிலும் சாமிதான். அக்கா அவற்றைத் தனியாக அடுக்கி, மேலே ஒரு துணி போட்டு வைத்திருந்தார். இன்னொரு அடுக்கில் கட்சித் தலைவர்கள்.

"இவுகளை மடிக்கலாமாக்கா?"

"மடிக்கலாம். ஆனா ரெண்டு கட்சியையும் ஒரே பெட்டில போட்டுராதீக. சரக்கு ஒழுங்காப் போய்ச் சேராது."

விளையாட்டாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை. நாகர்கோவில்காரர்கள் எந்தக் கட்சியோ என்ற பயமும் வந்துவிட்டது. தலைவர்களையும் விட்டுவிட்டேன். பூனையும் முயலும் போட்ட தீப்பெட்டி லேபிள் தாள்தான் யாருக்கும் மனக்கஷ்டம் தராதது. அது போன வாரமே தீர்ந்திருந்தது.

அன்று புதன்கிழமை. மாமியார் சாத்தூரில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார். கணவருக்கு ஆலங்குளத்தில் வேலை, விடுப்புக் கிடைக்காது. எனவே மகளையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். இடுப்பில் அவளுடன் பக்கத்துச் சின்ன அச்சகத்துக்குப் போய்க் கேட்டேன்.

"அண்ணே, சாமி படம் இல்லாத தாளு ஏதாச்சும் இருக்கா? கொஞ்சம் கனமா இருக்கணும்."

அவர் போனில் பேசிக்கொண்டே மூலையைக் காட்டினார். "அந்தக் கட்டை எடுத்துக்கோங்க. தேதி தப்பா அடிச்ச வேஸ்ட்டு. சாமி கெடையாது."

அதற்குப் பிறகு அவர் "ஆனா" என்று ஏதோ தொடங்கினாரா என்பதை இதுவரை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். தொடங்கினார் என்று சில நாள் தோன்றுகிறது. போனில் இருந்தவரிடம் சொல்லியிருக்கலாம் என்று சில நாள் தோன்றுகிறது.

தாள் அருமையாக இருந்தது. நல்ல கனம், ஒரு பக்கம் முழு வெள்ளை. மை கார்டில் பட்டுவிடக் கூடாது என்று வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படியே எடுத்து, அச்சடித்த பக்கம் உள்ளே போகும்படி பின்புறமாக மடித்தேன். ஓரத்தில் கறுப்பாகத் தெரிந்தது. ஜவுளிக்கடை விளம்பரமாக இருக்கும் என்று நினைத்தேன். ஜவுளிக்கடைக்கு எதற்கு இவ்வளவு கறுப்பு என்று நான் யோசித்திருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் யோசிக்கிறவள் அதற்கு மட்டும் யோசிக்கவில்லை.

நான்கு பெட்டிகளையும் அடைத்தேன். பாலித்தீன் சுற்றினேன். டேப்பை எட்டுச் சுற்று ஒட்டினேன். அதற்கு மேல் பிளாஸ்டிக் பட்டி. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"உள்ள இருக்குறது கல்யாணக் கார்டா, கொலைகாரனா? இம்புட்டுக் கட்டுதீக."

ஒரு மணிக்கு வேன் வந்து பெட்டிகளை லாரி செட்டுக்கு எடுத்துப் போனது. எனக்கு மனது நிறைந்திருந்தது. சாப்பிட்டுவிட்டு, மிஞ்சிய தாளில் ஒன்றைத் தரையில் விரித்து, கிறுக்கட்டும் என்று மகளிடம் ஒரு கிரையானைக் கொடுத்தேன். அவள் வெள்ளைப் பக்கத்தில் ஒரு கோடு போட்டாள். பிறகு தாளைப் புரட்டினாள். முகமெல்லாம் மலர, கையால் தட்டினாள்.

"தாத்தா!"

திரும்பிப் பார்த்தேன். பெரிய மீசை வைத்த ஒருவர் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி' என்றிருந்தது.

அக்கா வந்து எட்டிப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஆத்தாடி! துட்டி போஸ்டரா? எத்தனை வச்சீக?"

"நாப்பது."

"ஒரு கல்யாணத்துக்கு நாப்பது துட்டியா?"

"சாமி மட்டும் வேண்டாம்னுதானக்கா சொன்னீக!"

"சாமி வேண்டாம்னு சொன்னா, சாமிகிட்டப் போனவுகளை வைக்கச் சொல்லலையே!"

மறுநாள் நாகர்கோவிலில் ஒரு தாய் பெட்டியைத் திறப்பாள். மஞ்சள் தடவத் தட்டில் கார்டை எடுத்து வைக்கும்போது ஒரு மூலையிலிருந்து இந்த மீசைக்காரர் விரிந்து எழுவார். அந்தக் கல்யாணம் முழுக்க அவளுக்கு நிம்மதி இருக்காது. ஆயுசுக்கும் இருக்காது. மருமகனுக்குத் தலைவலி வந்தால்கூட அந்த மீசைதான் ஞாபகம் வரும். நானாக இருந்தால் அப்படித்தான் நினைப்பேன். பில் பக்கம் மாற்றுவதெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

முதலாளியம்மா ஒரு கையெழுத்துக்காகச் சூலக்கரைக்கு, கலெக்டர் ஆபீஸுக்குப் போயிருந்தார். அவரிடம் சொல்லப் போன் எடுத்தேன், வைத்துவிட்டேன். லாரி செட்டுக்கு அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. லாரி நான்கு மணிக்குக் கிளம்பும். மணி இரண்டே முக்கால். மகளை இடுப்பில் வைத்து, அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

செட்டில் எங்கள் பெட்டிகள் லாரியில் ஏறியிருந்தன. தினமும் போன் போட்டு, மேலே எதையும் வைக்காதீர்கள் என்று நான் நச்சரித்ததால் எல்லாவற்றுக்கும் உச்சியில் வைத்திருந்தார்கள். கண்ணாடி போட்ட கணக்கர் மேஜையில் இருந்தார்.

"அந்த நாலு பெட்டியையும் இறக்கணும் சார். தெறக்கணும்."

"ஏன்? எல்.ஆர். ரசீது போட்டாச்சேம்மா. அட்ரஸ் தப்பா?"

"அட்ரஸ் சரிதான்."

"பெறகு?"

துட்டி என்ற சொல்லைக் கல்யாணச் சரக்குக்குப் பக்கத்தில் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குரலைத் தாழ்த்தினேன்.

"உள்ள வைக்கக் கூடாத ஒண்ணை வச்சுட்டேன் சார்."

சிவகாசி லாரி செட்டில் இந்த வாக்கியத்துக்கு ஒரே ஓர் அர்த்தம்தான். கணக்கர் நாற்காலி பின்னால் விழ எழுந்தார். லாரிமேல் நின்றவர் வாயிலிருந்த பீடி எங்கே போனது என்றே தெரியவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்த இருவர் தம்ளரோடு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்கள்.

"பேப்பருன்னு சொல்லி வெடியை அனுப்புறீகளா? பார்சல் லாரில? லைசென்ஸ் போயிரும்மா எங்களுக்கு!"

"வெடி இல்ல சார்!"

"பெறகு ஏன் மெல்லமாச் சொல்லுதீக?"

அதற்கு மேல் அவர் எதையும் கேட்கவில்லை. இறக்கு, என் கண் முன்னால் திற என்றார். முன்பு எங்கள் பெட்டியை எறிந்த அதே ஆள், இப்போது முழங்காலை மடக்கி, மூச்சுவிடாமல், நான்கையும் ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். எங்கள் அச்சகச் சரக்கு அவ்வளவு மரியாதையோடு இறங்கியதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

திறப்பதுதான் கஷ்டமாக இருந்தது. நான் கட்டிய கட்டு. பட்டியை அறுத்தால் டேப், டேப்பைக் கிழித்தால் பாலித்தீன், அதற்குள் மறுபடி டேப். லோடுகாரருக்கு வியர்த்துவிட்டது.

"உள்ள ஆகாசவாணம் இருந்திருந்தாலும் வெளிய வந்திருக்காது தாயி, இம்புட்டுக் கட்டுக்கு."

முதல் பெட்டி திறந்தது. கணக்கர் குனிந்து பார்த்தார். கார்டு, மூலையில் மடித்த வெள்ளைத் தாள், வேறொன்றும் இல்லை. அவர் ஒரு தாளை உருவி விரித்தார். மீசைக்காரர் சிரித்தார். எல்லோரும் சுற்றி வந்து நின்றார்கள். லோடுகாரர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"யாரும்மா இது? ஒங்க வீட்டுலயா?"

"எங்க வீட்டுல இல்லண்ணே. யாருன்னே தெரியாது."

அழுகை வந்துவிட்டது. ஏன் வைத்தேன், எப்படி வைத்தேன் என்று முருகனில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். கணக்கர் வாயைத் துடைப்பது போலக் கையால் மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியதில் சிரிக்கிறார் என்று தெரிந்தது. பிறகு என் மகளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"எடும்மா, எடு. கல்யாண வீட்டுக்குப் போற சரக்கு. எம் மகளுக்கும் தையில வச்சிருக்கோம். ஒரு தாளு விடாம எடு."

நான் உருவி உருவிக் கொடுக்க, லோடுகாரர் எண்ணி அடுக்கினார். கடைசிப் பெட்டி முடிந்தபோது முப்பத்தொன்பது என்றார். மறுபடி எண்ணச் சொன்னேன். முப்பத்தொன்பது. நானே எண்ணினேன், முப்பத்தொன்பது. நான்கு பெட்டிகளிலும் ஓரங்களில் கைவிட்டுத் துழாவினேன். கார்டுக் கட்டுகளுக்கு நடுவில் பார்க்க வேண்டுமானால் எல்லாவற்றையும் கொட்ட வேண்டும். லாரி டிரைவர் ஹாரனை அழுத்தினார். மணி நான்கு அடிக்கப் பத்து நிமிடம்.

அடுத்த கேள்வி, மூலைகளுக்கு என்ன வைப்பது. எதுவும் வைக்காமல் அனுப்பினால் நாகர்கோவில் போவதற்குள் மடங்கிவிடும். செட்டில் தேடியதில் கிடைத்தது போன வருஷக் காலண்டர் ஒன்று. அதிலும் முருகன். கணக்கரின் தோளில் இருந்த மகள் பையைக் காட்டிச் சிணுங்கினாள், மாற்ற வேண்டும் என்பதற்காக. பையைத் திறந்தேன். நான் எங்கே போனாலும், எதற்கும் இருக்கட்டும் என்று டயப்பரைப் புதுப் பாக்கெட்டாகத்தான் எடுத்துப் போவேன். அரை நாளுக்கு இருபது எதற்கு என்று கணவர் கேலி செய்வார்.

ஒன்றை எடுத்து மூலையில் சுற்றிப் பார்த்தேன். அதற்கென்றே செய்தது போல உட்கார்ந்தது.

"ஏம்மா," என்றார் கணக்கர், "இது பரவாயில்லையா? கல்யாணத்துக்கு?"

"தெரியலை சார். அதைவிடப் பரவாயில்லைதான?"

அவர் மீசைக்காரரைப் பார்த்தார், டயப்பரைப் பார்த்தார். "இதுவும் கல்யாணத்துக்குப் பெறகு வர்றதுதான். வையிங்க" என்றார்.

மேல் மூலைக்கும் அதன் கீழ் மூலைக்கும் சேர்த்து ஒன்றாக, பெட்டிக்கு நான்காகப் பதினாறு வைத்தேன். ஒன்றை மகளுக்கு மாற்றினேன். டேப் இரண்டே சுற்றுத்தான் ஒட்ட நேரம் இருந்தது. லோடுகாரர் பெட்டிகளைத் தூக்கி ஏற்றினார், வீசாமல். லாரி கிளம்பிப் போனது.

வீட்டில் அன்றிரவு முழுக்க நாற்பதாவது தாள் என் தலைக்குள் விரிந்துகொண்டே இருந்தது. ஒருவேளை பெட்டிக்குப் பத்து என்று நினைத்துக்கொண்டு ஒன்றில் ஒன்பதுதான் வைத்தேனா. கார்டுக் கட்டுகளின் நடுவே நழுவியிருக்குமோ. மறுநாளும் அப்படியே போனது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முதலாளியம்மாவின் போன் அடித்தது. மணப்பெண்ணின் அம்மா. முதலாளியம்மா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"கார்டு வந்துட்டுது. கோயில்ல வச்சுட்டு இப்பத்தான் வந்தோம். ஒரு மூலைகூட மடங்கல, கேட்டேளா."

முதலாளியம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

"ஆனா ஒரு காரியம் கேக்கணும். பெட்டிக்குள்ள..."

நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"...பெட்டிக்குள்ள பிள்ளைகளுக்குக் கட்டுத டயப்பர் இருந்துது. அது எதுக்கு?"

முதலாளியம்மா தலையாட்டுவதை நிறுத்தினார். நான் போனுக்குப் பக்கத்தில் குனிந்து, மூலை மடங்காமல் இருக்க வைத்தது, புதுசுதான், பிரிக்காதது என்று ஒரே மூச்சில் சொன்னேன். அந்தப் பக்கம் யாரிடமோ சொல்லிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. சாமி முன்னால் பெட்டியைத் திறந்ததும் முதலில் கையில் வந்தது அதுதானாம். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வைத்தே எடுத்தாராம். எல்லோரும் சிரித்து, கல்யாணப் பெண் ஓடியே போய்விட்டாளாம்.

அத்தோடு விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை.

"வேற ஒண்ணும் உள்ள இல்லையேம்மா?"

"வேற என்ன இருக்கணும்?"

"ஒண்ணும் இருக்கக் கூடாது. அதுக்குத்தான் கேட்டேன்."

போனை வைத்ததும் முதலாளியம்மா நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்து முழுவதையும் சொன்னேன். மீசைக்காரரை, லாரி செட்டை, முப்பத்தொன்பதை. அவர் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. முடித்ததும் கேட்டார்.

"மூலை மடங்கலைல?"

"மடங்கலை."

"அப்ப பேக்கிங் நீதான் பாக்குற. இனிமே எந்தத் தாளா இருந்தாலும் ரெண்டு பக்கமும் பாத்துட்டு வையி. வேற ஏதாச்சும் எங்கிட்டச் சொல்லாம இருக்கியா?"

இல்லை என்றேன். சொன்ன பிறகு இருக்கிறதா என்று யோசித்தேன்.

கல்யாணம் அந்த மாதக் கடைசியில். முகூர்த்த நேரம் முழுவதும் நான் பெட்டி எதையும் தொடவில்லை. அன்று பிற்பகல் மணப்பெண்ணின் அம்மா நன்றி சொல்லி ஒரு போட்டோ அனுப்பினார். முதலாளியம்மா அதை எனக்கு அனுப்பினார். மண்டபத்தில் குடும்பமே நிற்கிற படம். விரலால் பெரிதாக்கி, முதலில் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தேன். பிறகு பரிசு மேஜையை, அதன் அடியை, நாற்காலிகளின் இடுக்கை. மீசை வைத்த நான்கு பேர் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவரையும் நன்றாகப் பார்த்தேன். எல்லோரும் உயிரோடு இருப்பவர்கள்தான்.

அப்புறம்தான் மணப்பெண்ணைப் பார்த்தேன்.